இருநூற்றுப் பதிமூன்றாவது ஆள்

மந்திப்பாறை எஸ்டேட்டில் சூரியனுக்குப் பேர் பதிந்து வேலைக்குச் சேர்த்தது கணக்கப்பிள்ளை எபனேசர்தான், அதில் ரெண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் அந்த மனுஷன் வேண்டுமென்று செய்யவில்லை. தோட்டத்து ஆட்கள் காலையில் கூடிப் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் பிரிந்து போகிற இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். அந்தக் களத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு இரும்புக் கம்பம் நட்டு, முகம் பார்த்துப் பேர் போடுகிற மிஷின் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். கார்த்திகை கடைசியில் மூன்று நாளாக ஒவ்வொரு ஆளும் அதன் முன்னால் நின்று, இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, கண்ணைச் சிமிட்டி, உள்ளேயிருந்த பெண்குரல் "நன்றி" என்று சொன்ன பிறகு நகர்ந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் முடிந்ததும் எபனேசர் மிஷினின் கண்ணாடியைத் துடைத்து, அதைக் கொஞ்சம் கிழக்கே திருப்பி வைத்தார். அந்த நேரம் பார்த்து எதிர்மலை உச்சியில் சூரியன் எழும்பியது, ஒரு துண்டு மேகம் அதன் குறுக்கே போய் விலகியது, மிஷின் அதைக் கண் சிமிட்டியதாக எடுத்துக்கொண்டு "நன்றி" என்றது.

எபனேசர் அழிக்கப் பார்த்தார், அழியவில்லை. பேர் போடாமல் விடமாட்டேன் என்று மிஷின் நின்றது. சூரியன் என்று தட்டினார். தகப்பன் பேர் கேட்டது, ஆகாசம் என்று தட்டினார். வயசு கேட்டது, மூன்று இலக்கத்துக்கு மேல் அது எடுக்காது என்பதால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று போட்டார். மறுநாளிலிருந்து எதிர்மலையில் சூரியன் தலை காட்டியதும் மிஷின் "நன்றி, இருநூற்றுப் பதிமூன்று" என்று சொல்ல ஆரம்பித்தது. ஆட்கள் நாலு நாள் சிரித்தார்கள், அஞ்சாம் நாள் பழகிப்போனது.

மிஷின் வந்ததற்காக அங்கே யாரும் மூக்கைச் சிந்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில் எட்டாம் லைனில் இருக்கும் சீனியம்மாளுடைய தாத்தன் காலத்தில் விடியுமுன் கங்காணி கொம்பு ஊதுவான், ஊதி முடிக்குமுன் வராதவன் முதுகில் பிரம்பு விழும். அவள் அம்மா காலத்தில் கொம்பு போய், ஃபாக்டரிக் கூரையிலிருந்து அலறுகிற மின்சாரச் சங்கு வந்தது, நாலு மலைக்குக் கேட்கும், கேட்கவில்லை என்று ஒருத்தரும் பொய் சொல்ல முடியாது. கொம்புக்காரனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்தால் கொஞ்சம் தாமதமாக ஊதுவான், கரண்டு போனால் சங்கு ஊமை, இந்த மிஷினுக்கோ பேட்டரி இருந்தது. வந்தது ஒவ்வொன்றும் போனதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத்தான் வந்தது, ஆட்களுடைய தூக்கத்தைக் கூட்டித் தர ஒன்றும் வரவில்லை. அந்தக் காலம் மாதிரி வருமா என்று யாராவது மந்திப்பாறையில் பெருமூச்சு விட்டால் கொழுந்துக் கூடையாலேயே அடி விழும்.

ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் தலைமுறை ஒரு பதில் வைத்திருந்தது, அதுதான் விஷயம். சங்குக் காலத்தில் பனி மாதத்து இருட்டில் கொழுந்து எடுக்கப் போன மூன்று பொம்பளைகளைக் காட்டெருமை முட்டிப் போட்டது. மறுநாள் சீனியம்மாளின் அம்மா முத்துக்கருப்பாயி பெரட்டுக் களத்துக்கு வந்து தன் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். மந்திப்பாறையில் ஒருத்தர் கூடையைக் கவிழ்த்தால் ஏன் என்று கேட்காமல் எல்லாரும் கவிழ்த்தாக வேண்டும். கவிழ்த்தவர் உச்சிப்பொழுதில் காரணம் சொல்ல வேண்டும், காரணம் ஊருக்குப் பிடித்தால் கூடைகள் அப்படியே கிடக்கும், பிடிக்காவிட்டால் நிமிரும். முத்துக்கருப்பாயி சொன்ன காரணத்துக்குப் பத்தொன்பது நாள் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. கடைசியில் கம்பெனி தாளில் எழுதிக் கொடுத்தது: கார்த்திகை பிறந்து தை முடிகிறவரை, மந்திப்பாறை மேல் வெயில் விழுந்த பிறகுதான் பெரட்டு. களத்துக்கு மேலே நிற்கிற அந்தப் பாறைக்கு வெயில் வர எட்டு மணி ஆகும்.

மற்ற மாதங்களில் ஏழு மணிக்குப் பெரட்டு. சீனியம்மாளின் புருஷன் தங்கப்பழம் தேயிலை ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவன், வேலை முடிந்து மலையேறி லைன் வீட்டுக்கு வந்து சேர ஏழு மணி. அவன் வரும்போது அவள் களத்துக்குப் போய்க்கொண்டிருப்பாள், இருவரும் கல்பாலத்தில் சந்திப்பார்கள், சாவி கை மாறும், அவ்வளவுதான். சாயங்காலம் அவள் வருமுன் அவன் இறங்கிவிடுவான். ஞாயிறு அவளுக்கு லீவு, ஆனால் சனிக்கிழமைக் கொழுந்து ஃபாக்டரியில் குவிந்து கிடக்கும், அவன் போய் வந்து பகல் முழுக்கக் குறட்டை விடுவான். தூங்குகிற மனுஷனோடு என்ன குடித்தனம் நடத்த? பனி மாதம் பிறந்தால்தான் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். ஏழிலிருந்து எட்டு வரை, பனி கதவிடுக்கில் புகைந்துகொண்டிருக்க, வெந்நீர், தேத்தண்ணி, ஃபாக்டரிக் கதை, மலைக்கதை, சின்னதாக ஒரு சண்டை, சில நாள் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் விழும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆன பிறகும் சீனியம்மாள் ஐப்பசி முழுக்கக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் மேனேஜர் பிரணவ் கை வைத்தார். முப்பது வயது ஆகவில்லை, சிரித்த முகம், யாரையும் வா போ என்று பேசமாட்டார். இருநூற்றுப் பதிமூன்றாம் ஆள் தினமும் தாமதமாக வருகிறார், என்ன நடவடிக்கை என்று ஹெட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அவர் தலையைச் சொறிந்தபடி மிஷினைத் திறந்து, விளையாட்டாகத்தான், அந்த ஆளின் ஷிப்டை ஆறு மணி என்று மாற்றினார். மறுநாள் காலை சரியாக ஆறு மணிக்கு எதிர்மலையில் சூரியன் ஏறி நின்றது. மிஷின் "நன்றி" என்றது. வெயில் மந்திப்பாறையில் விழுந்தது. மேனேஜர் கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தார், ஒப்பந்தத் தாளைப் பார்த்தார், பிறகு எபனேசரைக் கூப்பிட்டு, "ஒப்பந்தத்தை நாம மீறலையே, வெயில் விழுந்தாச்சுல்ல, பெரட்டு வைங்க" என்றார்.

சூரியன் முந்தி வந்தது அந்த எஸ்டேட்டுக்கு மட்டும்தான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அடுத்த எஸ்டேட் கும்மிருட்டில் தூங்கிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் பளீரென்று இருக்கும், முதல் பஸ் டிரைவர் எல்லைக் கல்லில் லைட்டை அணைத்துவிட்டுத் திரும்பும்போது மறுபடி போட்டுக்கொள்வார். சேவல்களுக்கு முதல் மூன்று நாள் தொண்டை கட்டிப்போனது. மாலை போட்ட சாமிமார், விடியுமுன் குளிக்க வேண்டும் என்றால் எந்த விடியலுக்கு முன் என்று குருசாமியைக் கேட்டார்கள், அவர் அடுத்த எஸ்டேட்டுக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு வரச் சொன்னார். கீழேயிருந்து ஜனங்கள் கார் வைத்துக்கொண்டு வந்து, பாதி இருட்டிலும் பாதி வெயிலிலும் நின்று போட்டோ எடுத்தார்கள், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒருத்தன் பஜ்ஜிக் கடையே போட்டான். மாரியம்மன் கோயில் பூசாரி, நடை திறப்பதை மாற்ற மாட்டேன், அம்மன் எந்த மிஷினிலும் முகம் காட்டவில்லை என்று சொல்லிவிட்டார். பத்தே நாளில், வந்த வெயிலை என்ன செய்ய, திருப்பி அனுப்பவா முடியும் என்று எல்லாரும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போனார்கள்.

சீனியம்மாள் மட்டும் பழகவில்லை. மறுபடி கல்பாலம், மறுபடி சாவி, அதுவும் அவள் மலைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவன் வருவான் என்பதால் சாவியைப் பாலத்துக் கல்லிடுக்கில் வைத்துவிட்டுப் போனாள். பதினோராம் நாள் கொழுந்து எடுத்துக்கொண்டே அவள் நிமிர்ந்து சூரியனை உற்றுப் பார்த்தாள். வெளுத்துப் போயிருந்தது. வெயிலில் சூடே இல்லை, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. தூக்கம் கெட்ட முகம் எப்படி இருக்கும் என்று சீனியம்மாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ராத்திரி ஷிப்டுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

"உன்னையும் போட்டு வதைக்கிறானுவளா, பாவி மட்டைங்க," என்றாள் வாய்விட்டு.

பக்கத்து நிரையில் நின்ற வள்ளியக்காள், "யாரைச் சொல்லுத?" என்றாள்.

"நம்ம ஆளைத்தான்," என்று மேலே கையைக் காட்டினாள் சீனியம்மாள்.

மறுநாள் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எல்லாரும் டார்ச்சும் சால்வையுமாகக் களத்தில் நின்றுகொண்டிருக்கையில், அவள் நடுவில் போய்த் தன் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அங்கே யாரும் கூடை கவிழ்த்ததில்லை. ஒன்றன் பின் ஒன்றாகக் கூடைகள் கவிழ்ந்தன, இருநூற்றுப் பன்னிரண்டும். மேனேஜர் சிரித்தபடியே, "நீங்க உக்காந்தா உக்காருங்க, வெயில் வரும்ல" என்றார்.

சீனியம்மாள் எதிர்மலையைப் பார்த்துத் திரும்பினாள். "ஏய், இங்க பாரு! நீயும் பேர் பதிஞ்ச ஆளுதான். கூடை கவுந்தா உக்காரணும், இது இந்தத் தோட்டத்து வழக்கம். பொறவு தெரியாதுன்னு சொல்லக்கூடாது."

ஆறு மணிக்கு எதிர்மலை விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்று எழும்பியது. களத்தில் கவிழ்ந்து கிடந்த கூடைகளை அது பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் மேலே வராமல் கொஞ்சம் தயங்கி நின்றது, பிறகு வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. ஆறரை ஆனது, எட்டு ஆனது, பத்து ஆனது, அடுத்த எஸ்டேட்டில் பட்டப்பகல், மந்திப்பாறையில் நட்சத்திரம்.

போனில் மணி பார்த்து உச்சிப்பொழுதில் எல்லாரும் கூடினார்கள். காரணம் சொல்ல வேண்டிய நேரம். நடந்து வரும்போது சீனியம்மாள் நல்ல நல்ல காரணங்களாக யோசித்து வைத்திருந்தாள், குளிர், காட்டெருமை, குழந்தைகளின் தூக்கம், அத்தனையும் உண்மையும்கூட. ஆனால் எழுந்து நின்றதும், தான் கூடையைக் கவிழ்த்தது அதற்கெல்லாம் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. பொய்க் காரணத்துக்கு இருநூறு பேரை உட்கார வைக்க மனசு வரவில்லை.

"எனக்கு என் புருஷனோட இருக்கணும்," என்றாள். "பனி மாசத்துல காலைல ஒரு மணி நேரம். வருஷத்துல அதான் எங்களுக்குக் கெடைக்கிறது. அதப் புடுங்கிட்டாவ. எனக்கு அது திரும்ப வேணும்."

சிரிப்பு வெடித்தது. பின்வரிசையில் நின்ற தங்கப்பழம் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். மேனேஜரும் சிரித்துவிட்டு, "இதுக்காக்கா இத்தனையும்?" என்றார்.

"இதுக்குத்தான். உங்க சம்சாரம் கோயம்புத்தூர்ல இருக்காவ, மாசம் ரெண்டு தடவை ஜீப்பெடுத்துட்டுப் போறீங்கல்ல சார்? நாங்க என்னைக்காவது ஏன்னு கேட்டிருக்கோமா?"

மேனேஜருக்குச் சிரிப்பு நின்றது. வள்ளியக்காள் எழுந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பது, சும்மா என்றால் சும்மா, ஒருத்தரும் எதுவும் கேட்காத நேரம் அது, தனக்கும் அது வேண்டும் என்றாள். ஒருத்தன் தன் மகளுக்குத் தலை சீவி விடுகிற நேரம் என்றான். ஒருத்தன் எழுந்து, தான் தூங்குகிற நேரம், அதைவிட என்ன காரணம் வேண்டும் என்று கத்தினான். ஒரு கூடைகூட நிமிரவில்லை.

மூன்று நாள் இருட்டு. கொழுந்து இல்லாததால் ஃபாக்டரி நின்றது, தங்கப்பழம் வீட்டிலேயே கிடந்தான். ஒரு மணி நேரத்துக்காகச் சண்டை போட்டவளுக்கு மூன்று முழு நாள் கையில் வந்து விழுந்தது, வந்து விழுந்ததும் என்ன செய்வதென்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. அவன் கால் பட்டுச் செம்பு உருண்டது, அவள் படுக்கிற பக்கத்தில் அவன் படுத்தான், உப்பு ஜாடி எங்கே என்று அஞ்சு தடவை கேட்டான். ரெண்டாம் நாள் தேத்தண்ணி போடும்போது சீனி டப்பாவை எடுத்தவளைப் பார்த்து, "எனக்கு வேண்டாம், டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்" என்றான்.

"எப்ப?"

"அது ஆச்சு, நாலு வருஷம்."

"நாலு வருஷமா பிளாஸ்க்ல மூணு கரண்டி போட்டுல்ல வச்சுட்டுப் போறேன்?"

"நீ போட்டு வைக்கே, குடிக்கேன். நமக்குக் கெடைக்கதே ஒரு மணி நேரம், அதுல போய் சுகர் கதை பேசச் சொல்லுதியா?"

சீனியம்மாள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள், பிறகு கோபம் வந்து அவனை நன்றாகத் திட்டினாள், திட்டி முடித்தபின் மறுபடி அழுதாள். புருஷனுடைய உடம்பில் என்ன ஓடுகிறது என்றுகூடத் தெரியாமல் நாலு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள் அவள்.

வெளியே முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. ஈரத்தில் சுவரெல்லாம் பாசி பிடித்தது, குழந்தைகள் இருமின, வள்ளியக்காளின் பேத்திக்கு மூச்சு இழுத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த எஸ்டேட்டு வெயிலுக்கு நடந்து போகிறவர்கள் எட்டாம் லைனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். இருநூற்றுப் பதிமூன்றாம் ஆள் அனுமதியில்லாமல் வேலைக்கு வரவில்லை, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் விளக்கம் தர வேண்டும் என்று எபனேசர் பாறையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார், பனியில் நனைந்து அது விழுந்துவிட்டது.

"போதும் சீனி, நிமித்திரு," என்றான் தங்கப்பழம். "என்னை வச்சு ஊரே சிரிக்குது. பொடிப்பிள்ளைக்கு வேற மூச்சு இழுக்குது."

அந்தப் பிள்ளையின் இழுப்பு அவளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எழுந்து வள்ளியக்காள் வீட்டுக்கே போனாள். "நிமித்திரவாக்கா? நீ சொன்னா நிமித்திருதேன்."

வள்ளியக்காள் பேத்தியின் நெஞ்சில் கைவைத்துத் தேய்த்துக்கொண்டே, "இன்னைக்கு நிமித்துனா நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுப்புவான், இந்தப் பிள்ளை வளந்து வர்றப்போ மூணு மணி" என்றாள். "போ, போயி உன் கூடை மேல உக்காரு."

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேனேஜர் களத்துக்கு வந்தார். முகத்தில் சவரம் இல்லை. ஏழு மணி என்று மாற்றுகிறேன் என்றார். சீனியம்மாள் கூடையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏழே கால் என்றார். ஏழரை என்றார்.

"கருவாடா சார், பேரம் பேச?" என்றாள் அவள். "அதோட பேரை எடுங்க. அது உங்க ஆளு இல்ல. எங்க பேரு இருக்கட்டும், நாங்க வேலைக்காரங்க, மிஷினுக்கு முகம் காட்டுதோம். அதை விட்டுருங்க."

எபனேசர் மிஷினைத் திறந்தார். வேலையிலிருந்து எடுக்க என்ன காரணம் என்று அது கேட்டது: ஓய்வு, மரணம், நீக்கம், ராஜினாமா. ஓய்வுக்கு ஹெட் ஆபீஸ் கையெழுத்து வேண்டும் என்றார் எபனேசர். "அப்ப மரணம்னு போட்டிரவா?"

"வாயைக் கழுவும்!" என்று இருநூறு பேரும் கத்தினார்கள். நீக்கம் என்று போடவும் யாரும் விடவில்லை. ராஜினாமா என்று முடிவானது. ராஜினாமாவுக்கு என்ன காரணம் என்று மிஷின் விடாமல் கேட்டது.

"சொந்த வேலை இருக்குன்னு போடும்," என்றாள் சீனியம்மாள்.

போட்டார். கடைசியாக, ராஜினாமா செய்கிறவர் முகத்தைக் காட்டி உறுதி செய்ய வேண்டும் என்றது மிஷின். கூடை நிமிராமல் அது வராது, பேர் எடுக்காமல் கூடை நிமிராது. மேனேஜர் கும்பிடாத குறையாகச் சீனியம்மாளைப் பார்த்தார். முதலில் கூடையை நிமிர்த்தச் சொல்லித்தான் அந்தப் பார்வை என்று அவளுக்குப் புரிந்தது, அதனால் அவள் நிமிர்த்தவில்லை. களத்தின் விளிம்புக்குப் போய் நின்றுகொண்டு, ரெண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டாள்.

"ஒரே ஒரு தடவை வந்து முகத்தக் காட்டிட்டுப் போ. வேலைக்கு இல்ல, கணக்கு முடிக்க. நான் சொல்லுதேன், வா!"

பிற்பகல் மூன்றே காலுக்குக் கிழக்கே, எதிர்மலை விளிம்பில், சூரியன் கண் அளவுக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. ஒரு துண்டு மேகம் குறுக்கே போய் விலகியது. "நன்றி" என்றது மிஷின். உடனே சூரியன் இறங்கிப்போனது. கூடைகள் நிமிர்ந்தன, தங்கப்பழம் சட்டையை மாட்டிக்கொண்டு, நின்றுபோன ஃபாக்டரியைத் தயார்பண்ண இறங்கினான்.

மறுநாள் ஏழு மணிக்கு அவன் வந்தபோது வெளியே இன்னும் வெயில் இல்லை, நல்ல பனி. சீனியம்மாள் வெந்நீர் வைத்திருந்தாள். சீனி போடாத தேத்தண்ணியை ரெண்டு பேரும் குடித்தார்கள், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று ஒன்று விடாமல் கேட்டாள், அவன் ஒன்று விடாமல் சொன்னான். ஏழரை மணிக்கு, பாறையில் வெயில் விழ இன்னும் அரை மணி இருக்கும்போதே, களத்துப் பக்கமிருந்து ஜீப் ஹாரன் கேட்டது. நீளமாக, விடாமல், எல்லா லைனுக்கும் கேட்கிற மாதிரி மேனேஜர் அழுத்திக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து சத்தம் கேட்டால் எழுந்து பழகிய உடம்பு, தங்கப்பழம் டம்ளரை வைத்துவிட்டுப் பாதி எழுந்துவிட்டான்.

சீனியம்மாள் அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க," என்றாள். "ஊதட்டும்."